பாக்கெட் ஹோல் ஜிக் வாங்கலாமா? ஒரு பைன் பெஞ்சை வைத்து ஒரு மதிப்பீடு

வீட்டில் முதன்முதலாக ஒரு பெஞ்சு செய்யப் போகிறவருக்கு மரத்தை அறுப்பது பெரிய கவலை இல்லை. அளவைச் சொன்னால் மரவாடியிலோ வாள்பட்டறையிலோ அறுத்தே கொடுத்துவிடுவார்கள். அறுத்த இரண்டு துண்டை ஆட்டம் இல்லாமல் சேர்ப்பதில்தான் எல்லாத் தொல்லையும். தச்சர்கள் ஒரு துண்டில் கழுந்து எடுப்பார்கள், இன்னொன்றில் உளியால் துளை வெட்டுவார்கள், கொட்டாப்புளியால் நாலு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். அந்தக் கை வருவதற்கு வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களைத் தாண்டிக் குதிக்க விற்கப்படுவதுதான் பாக்கெட் ஹோல் ஜிக். கரடுமுரடான ரஸ்டிக் பெஞ்சு, டீப்பாய், அலமாரித் தட்டு என்று வீடியோக்களில் பார்ப்பதில் பெரும்பகுதி இதில் செய்ததுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு துளை உள்ள ஜிக் புதியவருக்கு ஏற்றது, வாங்கலாம். ஆனால் அதற்குரிய திருகும் இரண்டு நல்ல கிளாம்பும் காய்ந்த மரமும் இல்லாமல் ஜிக்கை மட்டும் வாங்கினால் அது அலமாரியில்தான் கிடக்கும். அப்புறம், இதை வைத்து நாற்காலி செய்யக் கூடாது. ஏன் என்பது பின்னால் வரும்.

கருவி செய்யும் வேலை இவ்வளவுதான்: பலகையின் ஓரத்தில், 15 டிகிரி சாய்வில், படி வைத்த டிரில் பிட்டை வழிநடத்துகிறது. பிட்டின் உடல் 9.5 மி.மீ., நுனி அதைவிட மெலிது. உடல் வெட்டும் பள்ளத்துக்குள் (இதுதான் பாக்கெட்) திருகின் தலை போய் உட்காரும். நுனி வெட்டும் சிறு துளை வழியாகத் திருகு அடுத்த துண்டுக்குள் இறங்கும். சாய்வாக ஆணி அடித்துச் சட்டங்களைச் சேர்ப்பது நம்ம ஊர்க் கொட்டகை வேலையில் பழக்கம்தான். பழைய ஐரோப்பிய மேசைகளிலும் மேற்பலகையைச் சட்டத்தோடு பிணைக்க வளைந்த உளியால் இதே பள்ளத்தைத் தோண்டியிருப்பார்கள். அதை யார் வேண்டுமானாலும் போடுகிற மாதிரி ஒரு கருவியாக்கி 1980-களில் விற்க ஆரம்பித்தவர் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக்காரர் க்ரெய்க் சோமர்ஃபெல்ட். க்ரெக் (Kreg) என்ற நிறுவனத்தின் பெயர் அவர் பெயரிலிருந்து வந்தது. இன்று அதே வடிவத்தில் பெயர் தெரியாத நகல்கள் நிறைய.

எந்த வகை?

ஒற்றைத் துளை ஜிக் சின்னது, விலை குறைவு. க்ரெக் 310 இந்த வகை. உடைந்த அலமாரியை ரிப்பேர் பண்ணப் போதும். புதிதாக ஒரு சாமான் செய்ய ஐம்பது துளை போட வேண்டியிருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஜிக்கை நகர்த்தி மறுபடி இறுக்குவதிலேயே பொழுது போய்விடும். தவிர, இரண்டு துளைக்கும் இடைவெளி ஒரே மாதிரி வராது.

க்ரெக் 320 போன்ற இரண்டு துளை ஜிக்தான் இந்த மதிப்பீட்டின் மையம். மரத்தின் கனத்துக்கு ஏற்ப அரை இஞ்சிலிருந்து ஒன்றரை இஞ்சு வரை, அதாவது 12 முதல் 38 மி.மீ. வரை, நகர்த்தி வைக்கலாம். இரண்டு துளைகளையும் பிரித்து, நடுவில் இடைவெளித் துண்டு போட்டுத் தூரத்தைக் கூட்டவும் முடியும். மரத்தோடு சேர்த்துப் பிடிக்கக் கிளாம்ப் தனியாக வேண்டும்.

மேசைமேல் உட்கார்ந்து தானே மரத்தைக் கவ்விக்கொள்ளும் பெரிய வகை, க்ரெக் 720 மாதிரியானது, வேகமானது. அடுப்படி அலமாரி முழுக்கச் செய்யப் போகிறவருக்கு அது நியாயம். ஒரு பெஞ்சுக்கும் ஒரு டீப்பாய்க்கும் அது ஆடம்பரம். அந்த வித்தியாசப் பணத்தில் இரண்டு நல்ல எஃப் கிளாம்ப் வாங்கிவிடலாம்.

நகல் ஜிக் வாங்கினால் வந்த அன்றே சில சோதனை செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் போய்விடும். பிட்டைக் குழாய்க்குள் விட்டு விரலால் ஆட்டிப் பாருங்கள். இலேசாகச் சுழலலாம், பக்கவாட்டில் தடதடக்கக் கூடாது. குழாய் கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும். அலுமினிய உடம்பிலேயே நேராகத் துளை போட்டு விட்டிருந்தால் பிட் உரசி உரசிச் சீக்கிரமே துளை அகலமாகிவிடும். அடுத்தது முக்கியமான சோதனை: 19 மி.மீ. கனமுள்ள கழிவுத் துண்டில், ஜிக்கை 19-இல் வைத்து ஒரு துளை போட்டு, வேறு எதோடும் சேர்க்காமல் 32 மி.மீ. திருகை உள்ளே விடுங்கள். வெட்டுமுனையில் திருகின் நுனி எட்டிப்பார்க்கும் இடத்தை அளந்து பாருங்கள். பலகையின் கனத்துக்கு நடுவில், 9.5 மி.மீ.-இல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் சரி. அதற்கு மேல் விலகினால் அந்த ஜிக்கில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது.

அந்த எண்ணில் நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. மரவாடியில் 'முக்கால் இஞ்சு பலகை' என்று கேட்டால் அறுத்த அளவு முக்கால். மெஷினில் இருபுறமும் இழைத்துக் கைக்கு வரும்போது 16 மி.மீ.தான் மிஞ்சும். ஜிக்கை முக்கால் இஞ்சில் வைத்து, முக்கால் இஞ்சு மரத்துக்கான 32 மி.மீ. திருகைப் போட்டால் நுனி பலகையின் முகத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். கேட்ட அளவை மறந்துவிட்டு, கையில் இருக்கும் பலகையை வெர்னியரிலோ ஸ்டீல் ஸ்கேலிலோ அளந்து, அந்த அளவில் ஜிக்கையும், பிட் அளவுக்கு மேல் ஆழமாக இறங்காமல் தடுக்கும் நிறுத்து வளையத்தையும் வையுங்கள். 12 முதல் 16 மி.மீ. மரத்துக்கு 25 மி.மீ. திருகு. 19-க்கு 32. 22 முதல் 25 வரை 38. 38 மி.மீ. மரத்துக்கு 64.

திருகுதான் கழுத்தை அறுக்கும்

புதியவர்கள் ஏமாறும் இடம் இது. பெட்டியோடு வரும் பத்திருபது திருகு முதல் நாளே தீர்ந்துவிடும். பக்கத்து ஹார்ட்வேர் கடையில் கேட்டால் ஜிப்சம் சீலிங்குக்குப் போடும் கறுப்புத் திருகை எடுத்துக் கொடுப்பார்கள், மலிவு. அதன் தலை கூம்பு மாதிரி கீழே சரிந்திருக்கும். பாக்கெட்டின் அடி சமதளமாக இருப்பதால், அந்தக் கூம்பு ஆப்பு வைத்த மாதிரி இறங்கி மரத்தை நார் வழியே பிளந்துவிடும். போதாததற்கு அந்தத் திருகு கடினப்படுத்தியது, வளையாது. இறுக்கும்போது கழுத்தில் 'டக்' என்று முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். கடலோர ஊரில் என்றால் ஒரு மழைக்காலம் போதும், துரு வழிந்து பைன் மரத்தில் கறுப்புக் கறை இறங்க.

பாக்கெட் திருகுக்குத் தலையின் அடிப்பாகம் தட்டையாக, வாஷர் சேர்த்துச் செய்த மாதிரி அகலமாக இருக்கும். தலையில் சதுரக் குழி இருக்கும், நட்சத்திர பிட் அதில் பிடிக்காது. 2-ஆம் எண் சதுர பிட், 150 மி.மீ. நீளமானது, ஜிக்கோடு வரும். தொலைத்துவிடாதீர்கள், தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாமான் இல்லை. மரை இரண்டு வகை. பைன், சில்வர் ஓக், பிளைவுட் போன்றவற்றுக்கு அகல மரை. வேம்பு, தேக்கு, ரப்பர் மரம், பூவரசு என்றால் நெருக்கமான மரை. கடின மரத்தில் அகல மரை போட்டால் ஒன்று மரம் வெடிக்கும், இல்லாவிட்டால் திருகு முறியும்.

அசல் திருகு கிடைக்காத இடத்தில், தட்டைத் தலை உள்ள 8-ஆம் எண் பான் ஹெட் செல்ஃப் டேப்பிங் திருகு ஓரளவு ஈடுகொடுக்கும். ஒரு குறை: அதில் தலை வரை மரை ஓடும். முதல் துண்டிலும் மரை கடித்துக்கொள்வதால் இரண்டு துண்டையும் இழுத்து ஒட்ட வைக்காது. நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியோடேயே இறுகி நின்றுவிடும். எனவே கிளாம்ப் போட்டு ஒளி தெரியாத அளவுக்கு நெருக்கிய பிறகுதான் திருகை விட வேண்டும். அசல் திருகில் கழுத்துப்பகுதி மரையில்லாமல் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

மரம்

ரஸ்டிக் என்றாலே பாலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம் என்று ஆகிவிட்டது. தொழிற்பேட்டைகளுக்கு அருகே பழைய பேக்கிங் மரம் விற்கும் இடங்களில் பைன் பலகைகள் கிடைக்கும். ஏற்றுமதி பாலெட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்று போட்டிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டை 30 நிமிடம் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்கு வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையும் ரசாயன வாடையும் உள்ளதையும் ஒதுக்குங்கள். எச்.டி. முத்திரை இருந்துவிட்டால் இனி வண்டு வராது என்று நினைக்கக் கூடாது. சூடு காட்டிய நேரத்தில் உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும், அவ்வளவே. கீழே மாவு உதிர்ந்திருந்தால், மேலே குண்டூசித் துளை புதிதாக வெளுப்பாகத் தெரிந்தால் அந்தப் பலகை வீட்டுக்குள் வரவே கூடாது.

உடைந்த ஆணித் துண்டுகள் பாலெட் பலகைக்குள் ஒளிந்திருக்கும். ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். படி பிட் ஒரு ஆணியைத் தொட்டால் முனை போச்சு. அறுப்பு மில்காரரும் ஆணியுள்ள மரத்தை மெஷினில் ஏற்ற மாட்டார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஈரப்பதம் இதைவிடப் பெரிய விஷயம். ஈரமான மரத்தில் போட்ட பாக்கெட் இணைப்பு அன்றைக்குக் கல் மாதிரி இருக்கும். மரம் காய்ந்து சுருங்கியதும் திருகின் தலைக்கும் பள்ளத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஆட ஆரம்பிக்கும். ஈரமானியில் 12 முதல் 15 சதவீதம் காட்டினால் கடலோர ஊர்களில் வேலையைத் தொடங்கலாம். மானி இல்லையென்றால், பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் விட்டு, வாரத்துக்கு ஒரு முறை ஒரே பலகையை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

பெஞ்சின் அளவுகள்

1200 மி.மீ. நீளம், 300 அகலம், 450 உயரம். இரண்டு பேர் உட்காரலாம். இழைத்து முடித்த அளவுகள் இவை:

கால்: 70 × 70, 431 நீளம், 4 துண்டு.
நீளச் சட்டம்: 19 × 90, 960 நீளம், 3 துண்டு. மேலே இரண்டு, கீழே நடுவில் ஒன்று.
குறுக்குச் சட்டம்: 19 × 90, 130 நீளம், 4 துண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு.
நடு ரீப்பர்: 19 × 90, 220 நீளம், 1 துண்டு.
மேற்பலகை: 19 × 98, 1200 நீளம், 3 துண்டு. நடுவே 3 மி.மீ. இடைவெளி.

அறுத்த மரமாக, சேதாரமும் சேர்த்து ஒன்றேகால் கன அடி வாங்கினால் போதும். காலுக்கு 3 × 3 இஞ்சு சட்டம், மற்றதற்கு ஒரு இஞ்சுப் பலகை. 32 மி.மீ. அகல மரைத் திருகு 45 செலவாகும், 60 வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு பக்கக் கால் ஜோடிகளைச் சேர்க்க வேண்டும். இரண்டு காலுக்கு நடுவே மேலே ஒரு குறுக்குச் சட்டம், தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் கீழே ஒன்று. இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. குறுக்குச் சட்டத்தைக் காலின் கனத்துக்கு நட்டநடுவில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் திருக முடியாது. கால்களுக்கு நடுவே இருப்பது 130 மி.மீ. இடம். 150 மி.மீ. பிட்டின் வால் எதிர்க் காலைத் தாண்டி வெளியே வரும்போது, டிரில்லின் சக் (பிட்டைக் கவ்வும் வாய்) அந்தக் காலில் இடித்துக்கொண்டு நிற்கும். பிட் கோணலாகி திருகுத் தலையின் சதுரக் குழி மழுங்கிவிடும். குறுக்குச் சட்டத்தைக் காலின் உள்முகத்தோடு, அதாவது பெஞ்சின் நடுப்பக்கம் பார்க்கும் முகத்தோடு, சமமாக வைத்து, பாக்கெட்டுகளையும் அதே முகத்தில் போட்டால் சக் மேலாக நழுவிப் போகும், இடம் கிடைக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு: கீழ் நடுச் சட்டத்தின் நீளமும் மேல் நீளச் சட்டத்தின் நீளமும் ஒன்றாகிவிடும், மூன்றையும் ஒரே நிறுத்தில் வைத்து அறுக்கலாம்.

ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பாக்கெட். ஜிக்கைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், பிட்டை மரத்தில் தொடும் முன்பே முழு வேகத்தில் சுழல விடுங்கள். பாதி ஆழத்தில் ஒரு முறை வெளியே இழுத்துச் சுருளைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சுவரில் துளை போடும் ஹாமர் டிரில். அதில் சுத்தி வடிவம் போட்ட விசையை அணைத்துவிட்டீர்களா என்று இரண்டு தரம் பாருங்கள். அது போட்டிருந்தால் பள்ளத்தின் அடி நொறுங்கி, திருகுத் தலைக்கு உட்கார இடமே இருக்காது. திருகும்போது வேகம் வேண்டாம். கிளட்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் பிட்டை நிறுத்தும் வளையம்) உள்ள டிரில் என்றால் குறைந்த எண்ணில் ஆரம்பித்துக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஒன்றிரண்டு சுற்றைக் கையால் திருகுவது உத்தமம். பைன் மரத்தில் கொஞ்சம் கூடப் போனாலும் மரை உள்ளே மரத்தூளாக அரைத்துவிடும். திருகு சும்மா சுற்றும், இணைப்பு போய்விடும்.

இன்னொன்று எல்லாரையும் குழப்பும்: சரியாக வைத்துத்தான் திருகினேன், ஏன் ஒரு மி.மீ. நகர்ந்துவிட்டது? திருகு சாய்வாக இழுப்பதால் துண்டு அந்தச் சாய்வின் திசையிலேயே வழுக்கும். கையால் அமுக்கிப் பிடித்தால் நிற்காது, இணைப்பின்மேல் குறுக்காகக் கிளாம்ப் வேண்டும். நீளச் சட்டங்களைக் காலின் வெளிமுகத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே தள்ளி வைக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். கீழே 6 மி.மீ. பிளைவுட் துண்டைக் கொடுத்து வைத்துத் திருகினால், கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால்தான் தப்பு பளிச்சென்று தெரியும்.

கால் ஜோடிகள் இரண்டும் ஆனதும் கீழ் நடுச் சட்டம், பிறகு மேல் நீளச் சட்டங்கள், கடைசியில் அவற்றுக்கு நடுவே 220 மி.மீ. ரீப்பர். கீழ் நடுச் சட்டத்தின் பாக்கெட்டுகள் பார்வையில் படாத பக்கமாக இருக்கட்டும். மெலிந்த 38 மி.மீ. காலில் இதே பெஞ்சைச் செய்பவர்கள் கவனிக்க: இரண்டு பக்கத்திலிருந்து வரும் திருகுகள் காலுக்குள் ஒன்றோடொன்று முட்டும். ஒரு சட்டத்தின் பாக்கெட்டுகளைப் 12 மி.மீ. மேலே கீழே தள்ளிப் போட வேண்டும். 70 மி.மீ. காலில் இந்தப் பிரச்சினை இல்லை.

ஃபெவிகால் போட வேண்டுமா? போடுங்கள், ஆனால் எதிர்பார்ப்பு வேண்டாம். சட்டத்தின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும். வெட்டுமுனை வந்து காலின் முகத்தில் முட்டும் இடத்தில் பசைக்குப் பெரிய பலம் கிடையாது, அங்கே சுமையைத் தாங்குவது திருகுதான். இரண்டு பலகையை நீளவாக்கில் விளிம்போடு விளிம்பு ஒட்டும்போது கதை தலைகீழ்: அங்கே பசையே எல்லாம், திருகு அது காயும் வரை பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் மட்டுமே.

நாற்காலி வேண்டாம் என்றதற்குக் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. பெஞ்சின்மேல் உட்காரும்போது சுமை நேர்கீழாக வருகிறது. நாற்காலியில் சாயும்போதெல்லாம் பின்கால் இணைப்பு நெம்பப்படுகிறது. ஒவ்வொரு சாய்வுக்கும் திருகைச் சுற்றியுள்ள மரம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். அந்த இடத்துக்குக் கழுந்தும் துளையும்தான் வேண்டும். கட்டிலின் பக்கச் சட்டத்துக்கும் இது ஆகாது. வீடு மாற்றும்போது கழற்றி மாட்டினால் மரை தேய்ந்துவிடும், அங்கே போல்ட்டு போடுவதே முறை.

மேற்பலகையில் மறைந்திருக்கும் வெடிப்பு

ரஸ்டிக் மேசை வீடியோக்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்று உண்டு. ஐந்தாறு பலகையைப் பாக்கெட் திருகு போட்டு ஒட்டி அகலமான மேற்பலகை ஆக்குவார்கள். இரண்டு முனையிலும் குறுக்காக ஒரு பலகையைச் சேர்த்து, அதையும் பசை போட்டுத் திருகிவிடுவார்கள். படத்தில் அருமையாக இருக்கும். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட நகராது, அகலவாக்கில் நகரும். பைன் பலகை, ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலத்தில் சுமார் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு கூடும் அல்லது குறையும். கடற்காற்றில் 13 சதவீதத்தில் இருந்த மரம், ஏசி அறைக்குள் வந்து 9-க்கு இறங்கினால் 900 மி.மீ. அகல மேசை 9 மி.மீ. சுருங்கப் பார்க்கும். முனையில் இருக்கும் குறுக்குப் பலகை விடாது. நடுவில் எங்கேயாவது வெடித்துத்தான் தீரும். திருகின் தரமோ ஜிக்கின் விலையோ இதில் ஒன்றும் செய்ய முடியாது.

நம் பெஞ்சின் மூன்று பலகைகளுக்கும் நடுவே 3 மி.மீ. விட்டது இதற்காகவே. ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக விரிந்து சுருங்கும். ஓரப் பலகைகளை நீளச் சட்டத்தின் உள்பக்கத்திலிருந்து மூன்று மூன்று திருகு, நடுப்பலகையை இரண்டு மேல் குறுக்குச் சட்டங்களிலிருந்து இரண்டு இரண்டு, நடு ரீப்பரிலிருந்து பலகைக்கு ஒன்று. மேலிருந்து பார்த்தால் ஒரு திருகும் தெரியாது. மேற்பலகை 19 மி.மீ., திருகு அதற்குள் இறங்குவது ஏறத்தாழ 16 மி.மீ. நிறுத்து வளையம் தளர்ந்து நழுவியிருந்தால் நுனி உட்காருகிற இடத்தில் எட்டிப்பார்க்கும். ஆலன் சாவியால் அதை அடிக்கடி இறுக்கிப் பாருங்கள்.

பாக்கெட் துளை தெரிகிற இடத்தில் வந்துவிட்டால், மூடுவதற்குச் சாய்வாக வெட்டிய மரக்குச்சிகள் கிடைக்கும். அவற்றின் நார் வேறு பக்கம் ஓடுவதால் சாயம் போட்ட பிறகு நீள்வட்டமாகக் கறுத்து, மூடாமல் விட்டதைவிட மோசமாகத் தெரியும். துளையைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைப்பதே நல்ல மூடி.

பழைய மரத் தோற்றத்துக்கு வினிகரில் இரும்புக் கம்பளியை இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பூசும் வழி வேலை செய்யும். பைன் மரத்தில் துவர்ப்புச் சத்து குறைவு என்பதால் முதலில் கெட்டியான டீ டிக்காஷன் ஒரு கை பூசிக் காயவிட்டால்தான் சாம்பல் நிறம் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும், விரித்துக் கொடியில் போடுங்கள்.

இந்தக் கருவியில் முதலில் தேய்வது பிட்தான். வெள்ளைச் சுருளுக்குப் பதிலாக நுண்ணிய தூள் வந்தால், பைனில் போடும்போதே கருகிய வாடை அடித்தால் முனை மழுங்கிவிட்டது. படி வைத்த முனை என்பதால் சாதாரண டிரில் பிட் மாதிரி சாணைக்கல்லில் பிடித்துத் தீட்ட வராது. நகல் ஜிக்குகள் சிலவற்றின் பிட் 9 மி.மீ.தான், க்ரெக் பிட் அதன் குழாய்க்குள் நுழையாது. ஆகவே வாங்கும் முன்பே, பிட்டும் நிறுத்து வளையமும் 150 மி.மீ. சதுர பிட்டும் தனியாகக் கிடைக்குமா என்று அதே கடையில் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.